குகைக்குள் நான் ஓடிய ஓட்டம்

லாரிக்காரரின் பிடரியில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதை வைத்தவன் நான். மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால் அவர் சட்டைக் காலரை இறக்கிக் காட்டுவார். நான் எழுந்து நின்று ஒரு கும்பிடு போடுவேன். கடையே சிரிக்கும். அந்தத் தழும்பு விழுந்த கதையை நானே எத்தனையோ முறை கைகால் ஆட்டி நடித்துக் காட்டியிருக்கிறேன். நடிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அதையும் சேர்த்து ஒரு முறையாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் தொழிலில் வயர்மேன். கோயில் திருவிழா நாடகத்தில் கோமாளி. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் எனக்கு வயது நாற்பத்தொன்று. தொப்பை வந்துவிட்டது, தைரியம் இன்னும் வரவில்லை. மின்சாரக் கம்பத்தில் ஏறி நிற்பேன், வீட்டில் கரப்பான் பறந்தால் மனைவியைக் கூப்பிடுவேன்.

எங்களுக்கு அடுத்த பலகை வீட்டில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் பஸ் கண்டக்டர், முப்பது வயது. தாய் பெரியாஸ்பத்திரியில் ஆயா. மகன் என்னை அண்ணே என்பான். நான் அவன் அம்மாவை அக்கா என்பேன். இந்த உறவுமுறையைத் தாளில் எழுதிப் பார்த்தால் யாருக்கும் விளங்காது. எங்களுக்கு அது உறுத்தியதே இல்லை.

அக்காவின் புருஷன் சண்டைக்கு முன்னால் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட ஆள் பிடித்தார்கள் அல்லவா, அப்போது அவரும் இன்னும் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்பு மலைக் குகையில் போய் ஒளிந்தார்கள். குகைக்குள் ஓர் ஓடை ஓடும். ஒரு நாள் சிப்பாய்கள் லாந்தரோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூவரும் இருட்டில் ஓடைத் தண்ணீருக்குள்ளேயே ஓடினார்கள். இரண்டு பேர் பக்கத்துப் பொந்து ஒன்றில் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் நிற்காமல் நேரே போனார். சிப்பாய்கள் போன பிறகு கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. அந்த இரண்டு பேரும் ஜப்பான்காரன் தோற்ற பிறகு வந்து அக்காவிடம் சொன்னது அவ்வளவுதான். செத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை என்றார்கள்.

பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அக்கா பதினாலு வருஷம் நெற்றியில் குங்குமம் வைத்தார், தலையில் பூ வைத்தார், தாலியைக் கழற்றவில்லை. கொஞ்ச காலம் ஊரும் பொறுத்துக்கொண்டது. நான் சொன்ன அந்த வருஷம் பக்கத்து ஊர் புக்கிட் ரம்பாயில் ஒரு கல்யாணம். குங்குமத் தட்டை எடுத்துவந்த பெண் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து, அக்காவுக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு தட்டை அப்படியே அடுத்தவளிடம் நகர்த்திக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கே தெரியாதே.

அக்கா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் மகனிடம் சொன்னார்: "ஒண்ணு அவர் வரணும். இல்லாட்டி, அவர் இல்லேன்னு யாராவது பாத்துட்டு வந்து சொல்லணும். இப்பிடியே என்னால முடியாதுய்யா."

அதுவரை அந்த மலைப் பக்கம் யாரையும் விடவில்லை. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம், காட்டுக்குள் துப்பாக்கிகள், ரோட்டில் முள்கம்பி. அந்த மாதம்தான் தடையை எடுத்திருந்தார்கள். கண்டக்டர் உடனே புறப்பட்டான். தெருக்கோடி லாரிக்காரர் வண்டியைக் கொடுத்து, தானும் வந்தார். அவர் உடம்பு அவருடைய லாரிக்குப் பொருத்தமானது. மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்து ஊரிலிருந்து ஆபீஸ் கிராணி ஒருவரும் வந்தார். வீட்டில் மலாய்தான் பேசுவார், தமிழ் என்றால் சாமி பெயரும் பொங்கலும்தான் தெரியும், ஆனால் பட்டை பட்டையாகத் திருநீறு பூசுவார். விஷயத்தைக் கேட்டதும் "சாயா ஈக்குட்" என்றார். நானும் வருகிறேன் என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

நான் விளக்குக்காகப் போனேன். ஈயச் சுரங்கத்தில் பிடிக்கும் கார்பைட் விளக்கு ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்பதற்கு முன் நானே, "நான் இல்லாம இருட்டுல என்னா லா செய்வீங்க?" என்று வாயை விட்டேன். என் வாய் எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குகை வாசலில் நின்றோம். அங்கே வௌவால் எரு அள்ளும் ஆள் ஒருவர் இருந்தார், அந்தத் தோட்டத்துத் தமிழர். வழி காட்டச் சம்மதித்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். எங்கள் கண்டக்டர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"ஏன்யா கழட்டுற? உள்ள கல்லு கத்தி மாதிரி இருக்கும்."

"எங்கப்பா இருக்கிற எடம். செருப்புக் காலோட எப்பிடி ஐயா போறது?"

"அவரு இருக்காரோ இல்லியோ, காலு உன்னோடது லா."

அவன் கேட்கவில்லை. அவன் கழற்றியதும் லாரிக்காரர் கழற்றினார். கிராணி "கெனாப்பா?" என்று கேட்டார். ஏன் என்று மலாயில் விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டு, பாலிஷ் போட்ட ஆபீஸ் சப்பாத்தை ஒரு கல்லின் மேல் ஜோடியாக வைத்தார். நான் இந்தப் பயணத்துக்கென்றே வெள்ளைக் கேன்வாஸ் வாங்கிப் போட்டிருந்தேன். கோமாளி மட்டும் சப்பாத்தோடு போனால் நன்றாக இருக்காது என்று நானும் கழற்றினேன். உலகத்தில் வேறு யாரும் ஓடைக் குகைக்குள் நுழைய வெறுங்காலோடு வரிசையில் நிற்க மாட்டார்கள். எரு அள்ளுபவர் எங்கள் எட்டுக் கால்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

முதலில் பெரிய மண்டபம் போன்ற இடம். எரு நாற்றத்தில் கண் எரிந்தது. அதன் கோடியில் பாறைக்கு அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வாய். அதிலிருந்து ஓடை வந்துகொண்டிருந்தது.

"இதுக்கு மேல நான் வரல," என்றார் எரு அள்ளுபவர். "நேத்து வரைக்கும் உள்ள துப்பாக்கி இருந்த எடம். எனக்குப் புள்ளைங்க இருக்கு. மழை வர்ற மாதிரி இருந்தா சத்தம் குடுப்பேன். குடுத்தா ஒடனே வந்துடணும். தண்ணி ஏறுச்சுன்னா இந்த வாய் மூடிக்கும்."

விளக்கோடு நான் முன்னால். அடுத்து கண்டக்டர், அவனுக்குப் பின் கிராணி, கடைசியில் லாரிக்காரர். கண்டக்டரிடம் ஒரு டார்ச்லைட் இருந்தது. முழங்கால் தண்ணீரில் வழுக்கி அதை நனைத்துவிட்டான். பிறகு என் விளக்கு ஒன்றுதான். வழி ஓர் ஆள் அகலம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதன் சில்லிப்பு எலும்பில் உட்கார்ந்தது. பின்னாலிருந்து லாரிக்காரரின் வயிறு பாறையில் உரசும் சத்தம் கேட்டது.

"கியர மாத்துங்கண்ணே," என்றேன்.

"நீ முன்னால பாத்துப் போடா வெளக்கு மாடம்," என்றார் அவர். சிரித்தோம். அதுதான் உள்ளே சிரித்த கடைசிச் சிரிப்பு.

கண்டக்டர் சுவரில் இருந்த ஒவ்வொரு பொந்திலும் விளக்கைக் காட்டச் சொன்னான். ஒன்றில் துருப்பிடித்த பால் டின், கொஞ்சம் கரி, ஒரு கந்தல் துணி. துணியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தான். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் அதில் என்ன வாசனை இருக்கும்? என் வாயில் ஒரு நையாண்டி வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த இரண்டு பேர் ஒதுங்கியது இந்தப் பொந்தாகத்தான் இருக்க வேண்டும். அவர் போனது இதற்கும் மேலே, நேரே.

நேரே போகப் போகக் கூரை இறங்கியது. முகவாய் தண்ணீரில் படக் குனிந்துதான் நடக்க முடிந்தது. எனக்கு மூச்சு மேலேயே நின்றது. மலை முழுவதும் என் ஒருவன் முதுகில் இறங்குவதுபோல இருந்தது.

"தம்பி, கார்பைட் தீரப்போவுது. திரும்பிடலாம்," என்றேன். பொய். பாதிக்கு மேல் இருந்தது.

"பத்தடிண்ணே. பத்தே அடி. அங்கிட்டு ஒண்ணும் இல்லன்னா வந்துடலாம்."

பத்தடி போனோம். அப்போது என் வலது கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஏதோ சுற்றிக்கொண்டது. மெல்லியது, சில்லென்றது, செதில் செதிலாக இருந்தது. சப்பாத்து போட்டிருந்தால் அதை மிதித்துக்கொண்டு போயிருப்பேன். காலைத் தூக்கினேன், அது விடாமல் கூடவே வந்தது. கையை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுத்துப்போன வெள்ளி அரைஞாண். அதில் ஒரு தாயத்து. அரைஞாணோடு சிக்கி, சேற்றிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது ஒரு நீளமான எலும்பு. மரக்குச்சி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

கண் மூடித் திறக்கும் நேரம்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாய் மட்டும் "பாம்பு!" என்று கத்தியது. கை அதை இருட்டுக்குள் வீசி எறிந்தது.

பிறகு ஓடினேன். ஓர் ஆள் அகல வழியில் எனக்குப் பின்னால் மூன்று பேர். கண்டக்டரின் கக்கத்துக்கு அடியில் புகுந்தேன். கிராணிக்கும் பாறைக்கும் நடுவில் இடமே இல்லை. அவர் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. கூரை உயர்ந்த இடத்தில் பின்தங்கி நின்ற லாரிக்காரரைத் தாண்ட வழி இல்லாததால் அவர் மேலேயே ஏறினேன். ஏறும்போது கை ஊன்ற வேண்டி, எரிகிற விளக்கை அவர் பிடரியில் ஊன்றினேன். அவர் அலறிய அலறல் எனக்குப் பின்னால் இன்னொரு பாம்புபோல வந்தது. இது வரைதான் நான் கடையில் நடித்துக் காட்டுவது.

மண்டபத்துக்கு வந்து விழுந்தேன். எரு அள்ளுபவர் எழுந்து நின்றார். "மத்தவங்க எங்கய்யா?"

பாறை வாயை நோக்கி விரலைக் காட்டினேன். கையில் விளக்கு சீறிக்கொண்டு நன்றாக எரிந்தது. பாறை வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணே! லைட்டு! அண்ணே, லைட்டக் காட்டுங்க!"

கண்டக்டரின் குரல். அவர்கள் கரி இருட்டில் நின்றார்கள். நான் திரும்பிப் பத்து எட்டு நடந்து அந்த வாயில் விளக்கைக் காட்டியிருந்தால் போதும். நடக்கவில்லை. உட்கார்ந்தேன். மண்டபத்தில் வைத்துவிட்டுப் போயிருந்த பையைத் திறந்து சுருட்டு ஒன்றை எடுத்தேன். மூன்று குச்சி வீணானது, நான்காவதில் பற்றியது. புள்ளைகள் இருக்கிற அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்முடைய விளக்கை எடுத்துக்கொண்டு அவர்தான் உள்ளே போனார்.

நாலு பேரும் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கிராணியின் உள்ளங்காலில் இருந்து ரத்தம் ஒழுகியது. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் எனக்கு வேறு வழி தெரியவில்லை, நடிக்க ஆரம்பித்தேன். பாம்பு எப்படிப் படம் எடுத்தது, என்னைப் பார்த்து என்ன சொன்னது, எல்லாம். உயிர் பிழைத்து வந்தவர்கள் அல்லவா, விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்களப் பாத்து அதுதாண்ணே பயந்திருக்கும்," என்று கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எரு அள்ளுபவர் மட்டும் சிரிக்கவில்லை. மலைக்கு மேல் கறுத்திருந்தது. போதும், கிளம்புங்கள் என்றார்.

திரும்பும் வழியில் தஞ்சோங் மாலிமில் கடையில் உட்கார்ந்தோம். கண்டக்டர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அம்மாகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிடலாம்ணே. உள்ள வரைக்கும் போய்ப் பாத்துட்டோமில்ல? ஒரு வகையில எனக்கு நிம்மதியா இருக்கு," என்றான். அவன் முகம் அப்படித் தெளிந்திருந்து நான் பார்த்ததே இல்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, அது பாம்பில்ல."

"பின்ன என்னா, முதலையா?" சிரித்துக்கொண்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தான்.

"அரைஞாண். வெள்ளி. தாயத்து தொங்குச்சு. கூட எலும்பு."

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே நின்றது. "அண்ணே, இதுல வேணாம்."

"சத்தியமா தம்பி."

"இதுல வேணாம்னு சொல்றேன்ல!" கன்னத்தில் அறை விழுந்தது. தேத்தண்ணி என் மடியில் கொட்டியது. லாரிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ எதைச் சொன்னாலும் எவன்டா நம்புவான்? இருவது வருஷமா உன் வாயப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

கிராணிக்குத் தமிழ் புரியாது. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பெத்தோல் கா?" என்றார். நிஜமா என்று கேட்டார். "பெத்தோல்," என்றேன். அவர் எழுந்து போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார், குகை இருந்த திசையைப் பார்த்து.

வண்டியைத் திருப்பினோம். பாதி வழியில் மழை பிடித்தது, கண்ணாடிக்கு வெளியே ரோடு தெரியாத மழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்துக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். அந்தப் பாறை வாயைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் கழுத்தளவுக்கு இறங்கிவிட்டான். லாரிக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். அவன் ஒரே ஒரு முறை "அப்பா" என்று கூப்பிட்டான். தண்ணீர் இரைச்சலில் அது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எத்தனையோ மழை வந்திருக்கும், சேத்துல புதைஞ்சு கெடந்ததால தங்கியிருக்கு," என்றார் எரு அள்ளுபவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். "பிடுங்கிப் போட்டாச்சு. இந்தத் தண்ணி இனிமே அதை வெளிய ஆத்துக்குக் கொண்டு போயிரும்."

லாரியிலேயே கிடந்துவிட்டு மறுநாள் மத்தியானம் காஜா பெராங் வந்தோம். கண்டக்டர் வழி முழுவதும் லாரியின் பின் தட்டில் தனியாக உட்கார்ந்து வந்தான். நாலு பேரும் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னான்: "இவருதான் பாத்தேன்னு சொல்றாரும்மா. நெசமா, வெளையாட்டான்னு எனக்குத் தெரியல. காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா என்னை உட்காரச் சொன்னார். நாடகத்தில் நான் வாயைத் திறக்கும் முன்பே முதல் வரிசையில் சிரித்துவிடுகிற மனுஷி அவர். "தம்பி, சிரிக்காம சொல்லு," என்றார்.

சொன்னேன். கட்டைவிரலில் மாட்டியதிலிருந்து சொன்னேன்.

"தாயத்த எப்படிக் கோத்திருந்திச்சு?"

கண்ணை மூடினேன். கண் மூடித் திறக்கும் நேரத்தில் என்ன பார்த்திருக்க முடியும்? ஆனால் வயர்மேன் கண், அதற்கு என்று ஒரு புத்தி இருக்கும்போல. "வளையம் இல்லக்கா. செப்புக் கம்பி. ரெண்டு எழைய ஒண்ணா முறுக்கி, முனைய உள்ளுக்கு மடக்கி விட்டிருந்திச்சு." சொல்லும்போதுதான் நான் அதைப் பார்த்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

அக்கா தன் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு, "வளையம் அறுந்து போச்சு. நான்தான் கட்டி விட்டேன். வயித்துல குத்தும்னு முனைய மடக்குனேன்," என்றார்.

கண்டக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தலை எந்தப் பக்கமா இருந்திச்சு தம்பி? உள் பக்கமா, வாசல் பக்கமா?"

அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. போகும்போது விழுந்தாரா, அக்காவிடம் திரும்பி வரும்போது விழுந்தாரா? வாசல் பக்கம் என்று ஒரு வார்த்தை. ஆயுள் முழுக்க இதைவிடப் பெரிய பொய்களை நான் சும்மாவே சொல்லியிருக்கிறேன். யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

"தெரியலக்கா," என்றேன். "பாக்கல. கையில இருந்தத வீசிட்டு ஓடிட்டேன். லைட்டையும் எடுத்துக்கிட்டு ஓடிட்டேன். இவன் கூப்புட்டான், கேட்டுச்சு. போவல. உக்காந்து சுருட்டுப் புடிச்சேன்."

லாரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடுப்புப் பக்கம் பார்த்தபடி, "அவரும் பயந்துதான ஓடுனாரு," என்றார்.

பிறகு எழுந்தார். கூந்தலில் பூ இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. நாலு தட்டு எடுத்து வைத்தார். கெம்போங் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க. இன்னைக்குச் சாப்புட்டுப் போயிருங்க. நாளையிலேருந்து இந்த வீட்டுல அடுப்பு எரியாது."

உட்கார்ந்தோம். மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கிராணி காலில் கட்டிய துணியோடு சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அக்கா உட்காரவில்லை. ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு கரண்டியோடு நின்றார். என்னிடம் வந்து, இன்னும் கொஞ்சம் போடவா என்றார். என் தட்டில் முதலில் போட்ட சோறே அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தட்டை நகர்த்தி வைத்தேன். போட்டார். தின்றேன்.